தாயைப்போல பிள்ளை, சிலவேளை பாட்டனைப்போல ஏன்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பிறப்புரிமையியல் சார்ந்தவற்றை இம்முறை சேர்த்துத் தருகிறோம். உயர்தர மாணவர்கள், வேளாண்மை செய்பவர்கள், கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டார் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன. பரம்பரையலகு (ஜீன்) அனேகமாக ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று வெளியே தெரியாமலே பல தலைமுறை கடந்து போகும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

வெங்காய வேர்நுனியில் இழையுருப்பிரிவை (ஒரு கலம் ஒரேமாதிரியான இரண்டாகப் பிரிவதை) பார்க்கும் செய்முறையைப் பலமுறை செய்துவிட்டோம். வேரை ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, நிறமூட்டி, நசுக்கிப் பார்த்தால் நீளநீளமான கலங்கள்தான் தெரிகின்றன. ஒரு நிறமூர்த்தமும் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழை) தெரியவில்லை. என்ன பிழை?
— உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

ஒரு சென்ரிமீற்றர் என்பதுதான் பிழை. வேரில் கலங்கள் பிரிவது வேர்மூடிக்குச் சற்றுப் பின்னால், நுனியிலிருந்து முதல் 2 மில்லிமீற்றருக்குள். அதற்கு மேலே உள்ள கலங்கள் பிரிவதை முடித்துவிட்டு நீளத் தொடங்கிவிட்டவை. நீங்கள் பார்த்த நீளமான கலங்கள் அவைதான். அங்கே எவ்வளவு நேரம் தேடினாலும் நிறமூர்த்தம் கிடைக்காது.

தொடக்கத்திலிருந்து செய்து பாருங்கள். சின்ன வெங்காயத்தின் காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி சிறிய போத்தல் வாயில் வையுங்கள். நீரைத் தினமும் மாற்றவேண்டும். கடையில் வாங்கும் பம்பாய் வெங்காயம் சிலவேளை முளைக்காமல் இருக்கப் பக்குவப்படுத்தப்பட்டிருக்கும், அதில் வேர் வராது. சின்ன வெங்காயமே நம்பிக்கையானது. இரண்டு மூன்று நாளில் வேர் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வளர்ந்ததும், காலையில் நுனியை வெட்டி உடனே நிலைப்படுத்தும் கரைசலில் போடுங்கள். அது எதனோல் 3 பங்கு, தூய அசற்றிக் அமிலம் 1 பங்கு; அன்றன்று கலந்ததாக இருக்கவேண்டும். அதில் 24 மணித்தியாலம் விட்டபின் உடனே பார்க்காவிட்டால் 70 வீத எதனோலுக்கு மாற்றி வைக்கலாம்.

அடுத்தது அமிலம். 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில், 60 பாகை செல்சியஸில், 5 நிமிடம். இது கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெத்தினைக் கரைக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு நசுக்கினாலும் கலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். நேரம் கூடினாலோ நுனி கூழாகிப்போகும். அமிலத்தை நீரில் நன்றாகக் கழுவியபின் அசற்றோகார்மைனில் நிறமூட்டுங்கள். இப்போது கவனித்துப் பாருங்கள்: வேரின் மற்றப் பகுதி வெளிறியிருக்க, நுனியில் ஒரு சிறு பகுதி மட்டும் கடுஞ்சிவப்பாக இருக்கும். கருக்கள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் அந்த இடம் நிறத்தைக் கூடுதலாக எடுக்கிறது. அந்த ஒன்றிரண்டு மில்லிமீற்றரை மட்டும் வழுக்கியில் வைத்து மீதியை எறிந்துவிடுங்கள். மூடித்துண்டை வைத்து, மேலே ஒற்றுத்தாளை மடித்து வைத்துப் பெருவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் அசைந்தால் கலங்கள் உருண்டு கிழிந்துவிடும்.

நுணுக்குக்காட்டியில் முதலில் சிறிய வில்லையில் சதுரமான, சிறிய, பெரிய கருவுள்ள கலங்கள் கூட்டமாக உள்ள இடத்தைத் தேடிப்பிடித்துவிட்டு 40 மடங்கு வில்லைக்குப் போங்கள். அங்கும் பெரும்பாலான கலங்கள் பிரிவு நடக்காத இடையவத்தையில்தான் இருக்கும், அது பிழையல்ல. வெங்காயத்தின் நிறமூர்த்தங்கள் 16. நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசைப்படும் அனுவவத்தையில், நன்றாக விரிந்த ஒரு கலத்தில் எண்ணியே பார்க்கலாம். 200 கலங்களை எண்ணும்போது 18 பிரிவில் இருந்தால் இழையுருப்பிரிவுச் சுட்டி 9 வீதம். ஓர் அவத்தையில் உள்ள கலங்களின் விகிதம் அந்த அவத்தை எடுக்கும் நேரத்தின் விகிதம்தான். கலவட்டம் 20 மணித்தியாலம் என்று வினாவில் தந்து, 200 இல் 12 கலங்கள் பிரிவின் முதற்கட்டமான முன்னவத்தையில் இருந்தால், முன்னவத்தைக்கு 1.2 மணித்தியாலம்.

ஒடுக்கற்பிரிவில் (இனப்பெருக்கக் கலங்களை உண்டாக்கும் பிரிவில்) நிறமூர்த்த எண்ணிக்கை எந்த இடத்தில் பாதியாகிறது? டி.என்.ஏ. அளவையும் நிறமூர்த்த எண்ணிக்கையையும் கேட்டால் குழம்பிப்போகிறேன்.
— உயர்தர மாணவன், காரைதீவு

மையப்பாத்துகளை (நிறமூர்த்தத்தின் இழைகள் ஒட்டியிருக்கும் இடங்களை) எண்ணுங்கள், குழப்பம் தீரும். ஒரு மையப்பாத்து, ஒரு நிறமூர்த்தம். அதில் அரைநிறவுரு (நிறமூர்த்தத்தின் ஓர் இழை) ஒன்று இருக்கிறதா இரண்டு இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

மனிதக் கலத்தை எடுப்போம். டி.என்.ஏ. இரட்டிக்க முன் 46 நிறமூர்த்தம், 46 டி.என்.ஏ. மூலக்கூறு. இரட்டித்தபின் டி.என்.ஏ. இருமடங்கு, அரைநிறவுரு 92, ஆனால் மையப்பாத்து 46 தான். ஆகவே நிறமூர்த்தமும் 46 தான். இழையுருப்பிரிவின் மேன்முக அவத்தையில் மையப்பாத்துகள் பிளக்கின்றன. அந்தச் சிறிது நேரம் ஒரு கலத்துக்குள் 92 நிறமூர்த்தம். பின்பு இரு மகட்கலங்களுக்கும் 46, 46.

ஒடுக்கற்பிரிவில் முதலாம் பிரிவில் மையப்பாத்து பிளப்பதில்லை. தாயிடமிருந்து வந்ததும் தகப்பனிடமிருந்து வந்ததுமான அமைப்பொத்த சோடிகள் நெருங்கி, குறுக்குப் பரிமாற்றம் செய்து, பிறகு முழு நிறமூர்த்தமாகவே பிரிந்து போகின்றன. அதனால் முதலாம் பிரிவு முடிந்ததும் ஒவ்வொரு கலத்திலும் 23 நிறமூர்த்தம், ஒவ்வொன்றிலும் இரண்டு அரைநிறவுரு. எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பிரிவில் மையப்பாத்து பிளந்து, 23 நிறமூர்த்தத்துடனேயே புணரிகள் (விந்து, முட்டைக் கலங்கள்) கிடைக்கின்றன. அங்கே பாதியாவது டி.என்.ஏ. அளவு மட்டும். விடைத்தாள்களில் 'இரண்டாம் பிரிவில் எண்ணிக்கை பாதியாகிறது' என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஏராளம்.

சோடிகள் பிரிவதும், ஒவ்வொரு சோடியும் தன்னிச்சையாகப் பிரிவதும் என்ற மெண்டலின் விதிகள் நடப்பதும் அந்த முதலாம் பிரிவில்தான். ஒவ்வொரு சோடியும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மற்றச் சோடியைப் பொறுத்ததல்ல. 23 சோடிக்கு இரண்டின் 23 ஆம் அடுக்கு, அதாவது 83,88,608 விதமான புணரிகள், குறுக்குப் பரிமாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே.

இதே இடத்தில் பிழை நடந்தால் என்னாகும் என்பதையும் பார்த்துவையுங்கள், அடிக்கடி கேட்கப்படுவது. முதலாம் பிரிவில் ஒரு சோடி பிரியாமல் போனால் நான்கு புணரிகளுமே பிழை: இரண்டு புணரிகளில் ஒரு நிறமூர்த்தம் கூட, மற்ற இரண்டில் ஒன்று குறைய. இரண்டாம் பிரிவில் பிழைத்தால் இரண்டு சரி, ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. 21 ஆம் நிறமூர்த்தம் மூன்றாக அமைவது டவுண் சகசம். பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே முதலாம் பிரிவின் முன்னவத்தையில் நின்றுவிடுகின்றன. பிரிவைத் தொடர்வது பல ஆண்டு கழித்து. தாயின் வயதோடு இந்த வாய்ப்புக் கூடுவதற்கு அது முக்கிய காரணம். 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புக்கு ஒன்று, 40 இல் ஏறத்தாழ 100 க்கு ஒன்று.

கழுத்தில் இறகில்லாத சேவலையும் அதேபோன்ற கோழியையும் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தேன். சில குஞ்சுகள் கழுத்து முழுக்க இறகோடு வந்திருக்கின்றன. 3 க்கு 1 என்று பள்ளியில் படித்த விகிதமும் வரவில்லை.
— பொத்துவில் வாசகர்

உங்கள் சேவலும் கோழியும் இரண்டுமே கலப்பு. ஒவ்வொன்றிலும் இறகில்லாக் கழுத்துக்கான எதிருரு (ஒரே பரம்பரையலகின் வேறு வடிவம்) ஒன்றும் சாதாரண எதிருரு ஒன்றும் இருக்கின்றன. கழுத்தின் முன்பக்கம், கீழ்ப்பகுதியில் சிறு இறகுக் கொத்து இருக்கிறதா என்று பாருங்கள். கொத்து இருந்தால் ஒரு பிரதி, கழுத்து முழுவதும் வெறுமையாக இருந்தால் இரண்டு பிரதி. இது முழுமையான ஆட்சி (ஒரு பிரதியே மற்றதை முழுக்க மறைப்பது) இல்லை என்பதால் மூன்று வகையையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம்: வெறுங்கழுத்து 1, கொத்துள்ளது 2, இறகுள்ளது 1. எல்லாக் குஞ்சும் இறகில்லாக் கழுத்தோடு வரவேண்டுமானால் கொத்து இல்லாத இரண்டைச் சேருங்கள். இறகு குறைவதால் எங்கள் பக்கத்து வெயிலை இந்தக் கோழிகள் நன்றாகத் தாங்கும். வைத்துப் பெருக்க உகந்தவை.

விகிதம் பற்றி: 12 குஞ்சில் சரியாக 3 இறகோடு வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 வீதம் மட்டுமே. மற்ற வேளைகளில் 2, 4, 1, 5 என்று மாறும். மெண்டல் 1866 இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850, விகிதம் 2.96 க்கு 1. ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியதால்தான் அவ்வளவு நெருங்கியது.

வெள்ளை அரிசி நெல்தான் விதைக்கிறோம். விதை நெல்லைக் குத்திப் பார்த்துத்தான் எடுக்கிறோம், ஒரு சிவப்பும் இல்லை. ஆனாலும் எங்கட வட்டையில் வருசா வருசம் சிவப்பு அரிசி கலந்து வருகிறது. ஆலைக்காரர் விலையைக் குறைக்கிறார். விதை சுத்தமாக இருக்க இது எங்கேயிருந்து வருகிறது?
— விவசாயி, சம்மாந்துறை

பெரும்பங்கு உங்கள் விதையிலிருந்து வருவதில்லை. மண்ணிலேயே கிடக்கும் களை நெல்லிலிருந்தும், வேறு வயலில் வெட்டிவிட்டு வந்த அறுவடை மெசினுக்குள் ஒட்டிக்கிடந்த நெல்லிலிருந்தும் வருகிறது. களை நெல் அறுவடைக்கு முன்பே உதிர்ந்து, மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆனால் சிறு பங்கு நீங்கள் குத்திப் பார்த்த அந்த வெள்ளை விதைக்குள்ளேயே ஒளிந்து வரலாம். அது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் அது தெரியாமல் விதைத் தெரிவு செய்தால் உழைப்பு வீணாகும்.

அரிசியின் நிறம் இருப்பது மேல்தோலில். அந்தத் தோல், விதையை உண்டாக்கிய தாய்ச்செடியின் சூலகச் சுவர். மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. சிவப்புக்கான எதிருரு ஆட்சியுள்ளது. வெள்ளை அரிசி இனங்களில் பெரும்பாலானவற்றில் அதே பரம்பரையலகில் 14 மூலச்சோடிகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) அறுபட்டுப் போயிருக்கின்றன. அதனால் அது வேலை செய்வதில்லை. இப்போது உங்கள் பி.ஜி. 300 என்ற வெள்ளை அரிசி இனச் செடியின் பூவில் பக்கத்துக் களை நெல்லின் மகரந்தம் விழுகிறது என்று வைப்போம். உண்டாகும் விதையின் முளையத்தில் சிவப்பு ஒரு பிரதி, வெள்ளை ஒரு பிரதி. ஆனால் தோல் தாயினுடையது, ஆகவே அரிசி வெள்ளையாகவே தெரியும். குத்திப் பார்த்தாலும் பிடிபடாது.

அந்த ஒரு விதையை அடுத்த போகம் விதைக்கிறீர்கள். செடி வளர்ந்து 400 நெல் தருகிறது என்போம். இப்போது தாய்ச்செடியே கலப்பு, அதனால் 400 நெல்லின் தோலும் சிவப்பு. கதிரில் ஒன்றுகூட வெள்ளை இருக்காது. அந்த 400 உம் மண்ணில் விழுந்து முளைத்தால், மூன்றாவது போகத்தில் ஏறத்தாழ 300 செடி சிவப்பு நெல்லும் 100 செடி வெள்ளை நெல்லும் தரும். 300 இல் 100 சுத்தச் சிவப்பு. மற்ற 200 கலப்பு, இன்னும் பிரியும். சேர்க்கை நடந்த ஆண்டுக்கும் சிவப்பு கண்ணில் படும் ஆண்டுக்கும் இடையே ஒரு போகம் கழிந்துவிடுகிறது. அதனால்தான் விதையைக் குத்திப் பார்ப்பது மட்டும் போதாது, செடியைப் பார்க்கவேண்டும்.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைச் செடி. பிறமகரந்தம் சேர்வது பொதுவாக 1 வீதத்திலும் குறைவு. ஆகவே விதைக்கென்று ஒதுக்கும் துண்டைக் காப்பாற்றுவது இயலாத காரியமல்ல. வரம்போரத்தை விட்டு வயலின் நடுவில் ஒரு துண்டைத் தெரியுங்கள்; பக்கத்தில் வேறு நெல் இருந்தால் குறைந்தது 3 மீற்றர் இடைவெளி வேண்டும். கதிர் வெளிவரும் நாட்களில் வயலுக்குள் இறங்குங்கள். மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பது, முந்திக் கதிர் தள்ளுவது, மீசை உள்ளது, இலை நிறம் வேறுபடுவது ஆகியவற்றை வேரோடு பிடுங்குங்கள். பூக்க முன் பிடுங்குவதே முக்கியம். பூத்த பிறகு பிடுங்கினால் மகரந்தம் ஏற்கனவே போய்விட்டது. அறுவடைக்கு முன் இன்னொரு தடவை பாருங்கள். அப்போது பிடுங்குவதைப் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோங்கள், வரம்பில் எறிந்தால் அங்கேயே உதிரும். மெசின் வந்தால் முதலில் விழும் சில மூட்டைகளைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை விதைக்கு எடுங்கள். மண்ணில் கிடப்பதைக் குறைக்க, முதல் உழவுக்குப் பின் நீர் பாய்ச்சி 10 முதல் 14 நாள் விட்டு, களை நெல்லை முளைக்கவைத்து, பிறகு மிதித்துச் சேறாக்கி விதையுங்கள். ஏ.டி. 362 போன்ற சிவப்பு இனத்தையும் அதே வயலில் மாற்றி மாற்றி விதைத்தால், அதிலிருந்து உதிர்ந்ததும் சேர்ந்துவிடும்.

கடையில் வாங்கிய கலப்பினப் பப்பாசிக் கன்று நல்ல நீளப் பழம் தந்தது. அதன் விதையைப் போட்டேன். சில மரம் உருண்டைப் பழம், சில மரம் வெறும் பூ மட்டும். விதை கெட்டுவிட்டதா?
— செட்டிபாளையம் வாசகி

கெடவில்லை, பிரிந்திருக்கிறது. பப்பாசியில் பெண்மரம், ஆண்மரம், இருபால்மரம் என மூன்று உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை. இருபால் மரத்துக்கு ஓர் எக்ஸ், மற்றது சற்று மாறிய வை. இரண்டு வை சேர்ந்த முளையம் எந்த வகையானாலும் பிழைப்பதில்லை. நீளப் பழம் தருவது இருபால்மரம். அது தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் 1 பெண், 2 இருபால், 1 இறப்பு. இறந்தது கணக்கில் வராததால் விகிதம் 2 க்கு 1. உருண்டைப் பழம் தந்தவை பெண்மரங்கள். வெறும் பூ மட்டும் தந்தவை ஆண். இருபால்மரம் தன்னந்தனியாகக் காய்த்தால் ஆண் வரவே முடியாது. ஆகவே பக்கத்து வளவில் எங்கோ ஓர் ஆண்மரம் நிற்கிறது, அதன் மகரந்தம் வந்திருக்கிறது.

அடுத்த முறை விதை எடுக்க விரும்பினால், இருபால்மரத்தில் நீளமான மொட்டு ஒன்றை விரிய முன் கடதாசிப் பையால் மூடிக் கட்டி, பிஞ்சு பிடித்தபின் பையை எடுத்து அடையாளம் கட்டிவிடுங்கள். ஒரு குழியில் மூன்று கன்று நடுங்கள். பூக்கும்வரை பால் தெரியாது. மூன்றும் பெண்ணாக வரும் வாய்ப்பு 27 இல் ஒன்றுதான். பூத்ததும் பாருங்கள்: பெண்பூ அடி பருத்து, உள்ளே மகரந்தக் கேசரம் இல்லாமல் இருக்கும், இருபால்பூ ஒடுங்கி நீண்டு, கேசரத்தோடு இருக்கும், ஆண்பூ நீண்ட தொங்கும் காம்பில் கொத்துக் கொத்தாக வரும். இருபால் ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் வெட்டுங்கள்.

ஆனால் சுவை, அளவு, நோய் தாங்கும் தன்மை ஆகியவை தாய்மரத்தைப் போலவே இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். கலப்பின விதையின் ஒற்றுமை முதலாம் சந்ததியோடு முடிகிறது. அதன் பிறகு தன்மகரந்தம் சேரும் ஒவ்வொரு தலைமுறையிலும் இதரநுகத்தன்மை (இரண்டு பிரதியும் வேறுவேறாக இருப்பது) பாதிபாதியாகக் குறையும்; மரத்துக்கு மரம் வேறுபடும். வீட்டு வளவுக்கு இது பரவாயில்லை. விற்பனைக்கு நடுவதானால் ஒவ்வொரு தடவையும் புது விதை வாங்குவதே நல்லது.

மகனுக்கு என் அண்ணனின் மகளைப் பேசியிருக்கிறோம். இருவருக்கும் விருப்பம். அண்ணனின் மகனுக்குத் தலசீமியா, மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். மகள் நல்ல சுகமாக இருக்கிறாள். சொந்தத்துக்குள் செய்தால் பிள்ளைகளுக்கு வரும் என்று சிலர் பயப்படுத்துகிறார்கள். கலியாணத்தை நிறுத்துவதா?
— ஒரு தாய், ஆரையம்பதி

நிறுத்துவதற்கு முன் இரண்டு பேருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பயத்துக்கும் ஊர்க்கதைக்கும் இங்கே இடம் கொடுக்கத் தேவையில்லை. விடை இரத்தத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கு. பீற்றாத் தலசீமியா பின்னிடைவான நோய். பிள்ளைக்கு நோய் வர இரண்டு பிரதியும் பழுதாக இருக்கவேண்டும். உங்கள் அண்ணனின் மகனுக்கு நோய் இருப்பதால் அண்ணனும் அண்ணியும் இருவருமே காவிகள் (ஒரு பிரதி மட்டும் பழுதான, நோயில்லாதவர்கள்). அப்படிப்பட்ட பெற்றோருக்கு நான்கு விதமான பிள்ளைகள் பிறக்கலாம்: ஒன்று நோயுள்ளது, இரண்டு காவி, ஒன்று முற்றிலும் சுத்தம். மருமகளுக்கு நோய் இல்லை என்பது தெரியும், ஆகவே மீதி மூன்றில் இரண்டு: அவள் காவியாக இருக்கும் வாய்ப்பு 2/3. இனி உங்கள் பக்கம். அண்ணன் அதை உங்கள் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து பெற்றிருக்கிறார். உங்களுக்கும் வந்திருக்கும் வாய்ப்பு 1/2, உங்களிடமிருந்து மகனுக்கு 1/4. இருவரும் காவியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. மூன்றையும் பெருக்கினால் 1/24. இது சிறிய எண்ணல்ல. ஆனால் பரிசோதனை செய்தவுடன் 1/24 என்பது அனேகமாக இல்லை என்றோ, நான்கில் ஒன்று என்றோ தெளிவாக மாறிவிடும்.

பரிசோதனை முழு இரத்த எண்ணிக்கையில் தொடங்கும். எம்.சி.வி. (செங்கலத்தின் சராசரிப் பருமன்) 80 இலும் எம்.சி.எச். (செங்கலத்திலுள்ள ஹீமோகுளோபினின் சராசரி அளவு) 27 இலும் குறைவாக இருந்தால் சந்தேகம். இரும்புச்சத்துக் குறைவிலும் இவை குறையும் என்பதால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் பார்க்கவேண்டும். உறுதி செய்வது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. எனும் சோதனை; ஹீமோகுளோபின் ஏ2 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றாக் காவி. இரும்புக் குறைவு இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டக்கூடும். அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பாருங்கள். ஹீமோகுளோபின் ஈ போன்ற வேறு மாற்றமும் இதே சோதனையில் தெரியவரும். பீற்றாத் தலசீமியாவோடு ஈ சேர்ந்தாலும் கடும் நோய் வரலாம், அதனால் மகனுக்கு வெறும் இரத்த எண்ணிக்கையோடு நிறுத்தவேண்டாம். உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் எங்கே செய்வதென்று வழிகாட்டுவார்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது.

மகனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால், மருமகள் காவியாக இருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குத் தலசீமியா நோய் வராது; காவியாக இருக்கலாம், காவி சுகமாகவே வாழ்வார். இருவரும் காவி என்று வந்தால் ஆலோசனை பெற்று முடிவெடுங்கள். அப்போது ஒன்றை மனதில் வையுங்கள்: நான்கில் ஒன்று என்பது முதல் பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்பதல்ல. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகளும் நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு 32 வீதம்தான்.

சொந்தம் என்பதைப் பற்றி: தலசீமியாவை விட்டுப் பார்த்தாலும், பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு எந்தத் தம்பதியருக்கும் 2 முதல் 3 வீதம், மச்சான் மச்சாளுக்கு அது ஏறத்தாழ இரட்டிக்கிறது. அதாவது நூறில் தொண்ணூற்றைந்து பேரளவில் நல்லபடியாகவே பிறக்கிறார்கள். குடும்பத்தில் ஏற்கனவே பின்னிடைவான நோய் இருந்தால் மட்டும் இந்தப் பொதுக்கணக்கை விட்டு, மேலே போட்டதுபோலத் தனிக்கணக்குப் போடவேண்டும். பெண்பிள்ளையைத் தனியே குறை சொல்லி ஒதுக்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. காவி என்பது ஆணிலும் பெண்ணிலும் சமமாக வரும்.

தகப்பன் 'ஏ', தாய் 'பி', பிள்ளை 'ஓ'. வீட்டில் தேவையில்லாத சந்தேகம். இது நடக்குமா?
— பெயர் வேண்டாம், கல்முனை

நடக்கும். தகப்பனிடம் ஏ ஒன்றும் ஓ ஒன்றும், தாயிடம் பி ஒன்றும் ஓ ஒன்றும் இருந்தால், ஏ, பி, ஏபி, ஓ நான்கும் சமவாய்ப்பில் பிறக்கும். சந்தேகப்பட எதுவுமில்லை. இருவரும் நேர் வகையாக (ஆர்.எச். பொசிற்றிவ்) இருந்து பிள்ளை எதிர் வகையாகப் பிறப்பதும் இதே காரணத்தால்தான். எதிர் வகை பின்னிடைவானது. இரத்த வகை அட்டையை வைத்துத் தாய் தகப்பன் யாரென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை என்று வந்தால்கூட முதலில் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். பம்பாயில் 1952 இல் கண்டறியப்பட்ட அரிய வகையொன்று சாதாரண சோதனையில் ஓ என்றே காட்டும். தாய் எதிர் வகையாக இருந்தால் கவனிக்கவேண்டியது வேறொன்று: பிள்ளை நேர் வகையாகப் பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்ரி டி ஊசி போடவேண்டும்.

எங்கள் பக்கம் குடி (குலப்பிரிவு) தாய்வழியாகத்தான் வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. உடலிலும் தாய்வழியாக மட்டும் வருவது ஏதாவது இருக்கிறதா? குடி பார்த்துச் செய்வதால் இரத்த நெருக்கம் தவிர்க்கப்படுகிறதா?
— மண்டூர் வாசகர்

முதற்கேள்விக்கு, இருக்கிறது. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் தனியான சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்று உண்டு. 16,569 மூலச்சோடி, 37 பரம்பரையலகு. கருக்கட்டலின்போது விந்தோடு வரும் இழைமணிகள் முட்டைக்குள் அழிக்கப்பட்டுவிடுவதால் இது தாயிடமிருந்தே வருகிறது. மகனும் பெறுவான், ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டான். குடியும் அப்படியே: ஆண் தன் தாயின் குடியைச் சேர்ந்தவன், அவன் பிள்ளைகள் மனைவியின் குடி. ஆனால் ஒரே குடியைச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே இழைமணி டி.என்.ஏ. என்று எடுத்துவிடக்கூடாது; குடி என்பது சமூக ஒழுங்கு, காலப்போக்கில் பிறர் வந்து சேர்ந்திருக்கலாம். கருவிலுள்ள ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகளுக்கு முன் இந்த 37 மிகச்சிறிய பங்கு என்பதையும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு, பாதிதான் ஆம். ஒரே குடிக்குள் செய்யாததால் அம்மாவின் சகோதரி பிள்ளைகளோடு கலியாணம் நடப்பதில்லை. அவர்கள் சகோதர முறை. ஆனால் தாய்மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் வேறு குடி, அங்கே கலியாணம் முறையாகிறது. பெரியம்மா பிள்ளையோடு நமக்குப் பொதுவாக இருக்கும் பரம்பரையலகுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று. தாய்மாமன் பிள்ளையோடும் அதே எட்டில் ஒன்றுதான்; இழைமணி மட்டுமே வித்தியாசம். பாட்டன் அல்லது பாட்டியிடம் ஒளிந்திருந்த பின்னிடைவான எதிருரு ஒன்று இரு பக்கத்தாலும் இறங்கி, கொள்ளுப்பேரனில் இரண்டு பிரதியாகச் சேரும் வாய்ப்பு 64 இல் ஒன்று. மச்சாள் எந்தக் குடியானாலும் இந்த எண் மாறாது. குடி பார்ப்பதோடு குடும்பத்தில் இருந்த நோய்களையும் கேட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

இழைமணி வழியாக வரும் நோய்கள் அரிது. இளவயதில் திடீரெனப் பார்வை மங்கும் லீபரின் பார்வை நரம்பு நோய் அவற்றில் ஒன்று. அந்த மாற்றம் தாயிடம் இருந்தால் ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகலாம், ஆனால் எல்லோருக்கும் பார்வை பாதிக்காது. தகப்பனிடம் இருந்தால் பிள்ளைகளுக்குப் போவதில்லை; அவருடைய சகோதரிகளின் பிள்ளைகளைத்தான் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும்.